பழைய அமெரிக்க வாஷிங் மெஷினை வாங்கி ஓட வைக்க: முதன்முறை இறங்குபவர்களுக்கு

1950, 60களில் வந்த வாஷிங் மெஷினை பேஸ்மென்ட்டில் நிறுத்தி வாராவாரம் அதில்தான் துணி துவைப்பேன் என்று நான் கிளம்பியபோது, வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. இன்னும் புரியவில்லை, அது வேறு விஷயம். நாங்கள் இருப்பது மிச்சிகனில். பதினொரு மாதத்தில் நான்கு மெஷின் வாங்கினேன். இரண்டு பழைய இரும்புக்குப் போய்விட்டன, இரண்டு ஓடுகின்றன. இரும்புக்குப் போன இரண்டும் மெஷினின் குற்றத்தால் போகவில்லை, என் அவசரத்தால் போயின. நீங்களும் அந்தக் காசை அழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சொந்த வீடு, பேஸ்மென்ட், ஒரு ஸ்க்ரூட்ரைவர் செட் இருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வாடகை வீடு என்றால் தண்ணீர் இணைப்பில் கை வைக்குமுன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

1. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பாகம் கிடைக்குமா என்று பாருங்கள்

முதல் மெஷினை நான் வாங்கியது நிறத்துக்காக. வெளிர் பச்சை, முன்னால் குரோம் பட்டை, 60 டாலர். வீட்டுக்கு வந்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன், அதற்கு ஒரு ரப்பர் சீல்கூடப் புதிதாகக் கிடைக்காது என்று தெரிந்தது. பாகம் வேண்டுமென்றால் அதே போல இன்னொரு செத்த மெஷினைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் மெஷினுக்கு என் வரிசை இது.

மேடேக் நிறுவனத்தின் பிழியும் உருளை வைத்த மெஷின். நான்கு கால், ஒரு தொட்டி, மேலே இரண்டு ரப்பர் உருளை, அவ்வளவுதான். டைமர் கிடையாது, தண்ணீர் வால்வு கிடையாது, நீங்களே குழாயில் நிரப்பி நீங்களே வடிக்க வேண்டும். அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் இதை 1983 வரை செய்துகொண்டிருந்தார்கள், அதனால் பாகங்கள் இன்னும் புழங்குகின்றன. கை பழக இதைவிட நல்ல மெஷின் எனக்குத் தெரியாது.

ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் வேர்ல்பூல் செய்த பெல்ட் மெஷின். சியர்ஸ் கடையில் கென்மோர் என்ற பெயரில் விற்றதும் பெரும்பாலும் இதுதான். மாடல் எண் 110 என்று ஆரம்பித்து ஒரு புள்ளி இருந்தால் அது வேர்ல்பூல் செய்தது. 1940களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை உள்ளே இருக்கும் அமைப்பு அதிகம் மாறவில்லை, ஆகவே 1962 மெஷினுக்கு 1978 மெஷினின் பாகம் பல நேரம் பொருந்தும். மேடேக்கின் ஆட்டோமேட்டிக்கும் இதே காரணத்துக்காக நல்லது.

ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்த காலத்து ஃபிரிஜிடேர் மெஷின்கள் பார்க்க அள்ளும். ரோஸ், மஞ்சள், பச்சை என்று வரும், அஜிடேட்டர், அதாவது தொட்டி நடுவில் நின்று துணியை அலசும் தண்டு, வலம் இடமாகச் சுழலாமல் உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்தும். மூன்றாவது, நான்காவது மெஷினாக வாங்குங்கள். துவைத்து, உலர்த்தி, எல்லாம் ஒரே பெட்டியில் முடிக்கும் கூட்டு மெஷின்கள் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

2. எங்கே, எப்போது

எஸ்டேட் சேல்தான் சிறந்த இடம். வயதானவர் காலமாகியோ முதியோர் இல்லத்துக்குப் போயோ வீட்டைக் காலி செய்யும்போது, உள்ளே இருப்பதையெல்லாம் அந்த வீட்டிலேயே வைத்து விற்பார்கள். பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளி தொடங்கி ஞாயிறு முடியும். கடைசி நாள் பாதி விலைக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். நகைக்கும் பீங்கானுக்கும்தான் முதல் நாள் அடிதடி, பேஸ்மென்ட்டில் நிற்கும் 90 கிலோ மெஷினை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. நான் ஞாயிறு காலையில்தான் போவேன்.

விளம்பரப் படங்களில் மெஷினைத் தேடாதீர்கள், பேஸ்மென்ட் படத்தைப் பாருங்கள். பழைய சிமென்ட் தொட்டி, அதன் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்றின் மூலை தெரியும். என் கென்மோரை அப்படித்தான் கண்டுபிடித்தேன், ஒரு தையல் மெஷின் படத்துக்குப் பின்னால் அதன் மூடி மட்டும் தெரிந்தது.

வாங்க ஏற்ற காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இதை அலட்சியம் செய்துதான் என் இரண்டாவது மெஷின் போனது. ஜனவரியில் வாங்கி, பேஸ்மென்ட்டில் இடம் இல்லை என்று கராஜில் வைத்தேன். பம்பில் ஒரு டம்ளர் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது. அது உறைந்து பம்ப் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதே குளிரில் வால்வும் விரிசல். குளிர்காலத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தூக்குவதற்கு முன் வடிகுழாயைத் தரைக்குத் தாழ்த்தித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிடுங்கள்.

3. காசு கொடுக்குமுன் பத்து நிமிடம்

கையில் டார்ச்சும் பழைய துணியும் இருக்கட்டும். "ஓடுகிறது, நேற்றுகூடப் போட்டுப் பார்த்தோம்" என்று விற்பவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவர் அந்த வீட்டுக்காரரும் இல்லை.

மூடியைத் திறந்து தொட்டியின் மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். மொத்தமாக ஊஞ்சல் போல ஆடினால் சரி, அது ஸ்பிரிங்கின் ஆட்டம். நடுத்தண்டு தனியாக "டக் டக்" என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. அஜிடேட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள், கல் மாதிரி நின்றால் கவனம். தொட்டியின் பீங்கான் பூச்சு பெயர்ந்து துரு தெரிகிறதா என்று, முக்கியமாக அஜிடேட்டரைச் சுற்றியுள்ள அடிப்பகுதியில் பாருங்கள். வெளிப்பக்கத் துருவை என்னவாவது செய்யலாம், தொட்டி ஓட்டையானால் முடிந்தது.

பிறகு தரையில் படுத்து அடியில் டார்ச் அடியுங்கள். கியர்பெட்டியின் உச்சியிலிருந்து கீழே ஓடும் துருக்கோடு இருந்தால், நடுசீல் வழியாகத் தண்ணீர் பல வருடம் ஒழுகியிருக்கிறது. எண்ணெய்க் கறை கொஞ்சம் இருப்பது சகஜம். துருக்கோடும் எண்ணெயும் சேர்ந்து இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

டைமர் குமிழ், மூடியின் கைப்பிடி, முன்பலகை எழுத்து, இவை முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மோட்டாரைவிட ஒரு பிளாஸ்டிக் குமிழ் கிடைப்பதுதான் கடினம்.

4. காகிதங்கள்

மாடல் தகட்டை முதலில் போட்டோ எடுங்கள். மூடிக்கு அடியிலோ முதுகிலோ இருக்கும். பாகம் தேடுவதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான், அதுவும் எண்கள் பல முறை மாறியிருக்கும் என்பதால் பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

ரசீதில் "வாஷர் 1" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். மாடல் எண், தொகை, எந்த நாள் எத்தனை மணிக்குள் எடுத்துப் போக வேண்டும், எல்லாம் வேண்டும். நேரம் தவறினால் அவர்களே அப்புறப்படுத்திவிடலாம், காசு திரும்ப வராது.

இன்னொரு பொறி இருக்கிறது. வீடு ஏற்கெனவே விற்றாகிவிட்டால், விற்பனை ஒப்பந்தத்தில் வாஷர், டிரையர் வீட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கலாம். ஒருமுறை காசு கொடுத்து, வண்டியும் கொண்டுபோய் நின்ற பிறகு, "இது புதிய வீட்டுக்காரருக்குச் சேர்ந்தது" என்று ஒருவர் ஓடிவந்தார். காசு திரும்பியது, டிரெய்லர் வாடகை திரும்பவில்லை. இப்போதெல்லாம் முதல் கேள்வியே அதுதான் கேட்கிறேன்.

பேஸ்மென்ட் அலமாரி, சமையலறை இழுப்பறை, இங்கெல்லாம் அசல் கையேடு கிடக்கும். கேட்டால் சும்மாவே தருவார்கள். மின்வரைபடம் பெரும்பாலும் மெஷினுக்குள்ளேயே ஒட்டியிருக்கும் அல்லது மடித்துச் செருகியிருக்கும். பழைய காகிதக்குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நான் ஒன்றைப் போட்டேன்.

5. மாடிப்படி

பேஸ்மென்ட் படியில் ஏற்றுவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. பட்டை உள்ள தள்ளுவண்டி வாடகைக்கு எடுங்கள், குறைந்தது மூன்று பேர் வேண்டும், மேலே ஒருவர் இழுக்க, கீழே இருவர் தாங்க. கீழே நிற்பவர் மெஷினுக்கு நேர் அடியில் நிற்கக் கூடாது. உள்தொட்டி ஆடாமல் பழைய போர்வையைத் தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே திணித்து, பக்கத்துக்கு ஒன்றாக அடையுங்கள். இல்லாவிட்டால் வண்டி போகும் வழியில் ஸ்பிரிங்குகள் கழன்றுவிடும். நிமிர்த்தியே கொண்டுபோங்கள், படுக்க வைத்தால் கியர் எண்ணெய் வெளியே வர வாய்ப்புண்டு.

பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ஆரம்ப கால முன்பக்கக் கதவு மெஷின் என்றால், அது சிமென்ட் தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பெரிய ஸ்பானரோடு போங்கள்.

6. வந்ததும் ப்ளக்கைச் சொருகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் படிப்பீர்கள் என்றால் அது இந்தத் தலைப்பு.

பச்சை மெஷின் வந்த அன்று இரவு, நான்கு பேரைக் கூட்டிவைத்து ப்ளக்கைச் சொருகிக் குமிழை இழுத்தேன். மூன்று விநாடி உறுமல், அப்புறம் மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. இருபது வருடம் அசையாமல் நின்றதில் பம்ப் இறுகிப்போயிருந்தது. மோட்டார் சுற்ற முயன்று, முடியாமல், தன்னைத்தானே எரித்துக்கொண்டது. பம்பைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால் போதும்.

செய்ய வேண்டியது இது. முதலில் பெல்ட்டைக் கழற்றி மோட்டார், பம்ப், கியர்பெட்டி மூன்றையும் தனித்தனியாகக் கையால் சுற்றுங்கள். மூன்றும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மோட்டாரின் இரு முனையிலும் எண்ணெய்த் துளை இருந்தால் 20 எண் டிடர்ஜென்ட் இல்லாத எண்ணெய் சில சொட்டு. ஸ்ப்ரே டப்பா எண்ணெய் அடித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது ஓரிரு வாரத்தில் காய்ந்துவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். ப்ளக்கின் ஒவ்வொரு மின்முனைக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே அளந்தால் இணைப்பே இருக்கக் கூடாது. இருந்தால் எங்கோ வயர் உரிந்து உடம்பைத் தொடுகிறது. அக்கால மெஷின்கள் சிலவற்றில் இரண்டு முனை ப்ளக்கும், தண்ணீர்க் குழாயில் கவ்வி மாட்டச் சொல்லி ஒரு பச்சை வயரும் இருக்கும். அதை அப்படியே விடாதீர்கள். மூன்று முனை வயர் போட்டு, எர்த்தை உடம்பில் நன்றாகச் சுரண்டிய இடத்தில் திருகுங்கள். வயர் 18 டாலர். கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. ப்ளக் பாயின்ட்டில்தான் முதல் தடவை போட வேண்டும்.

டைமர் குமிழை எப்போதும் வலப்பக்கம் மட்டும் திருப்புங்கள், அதுவும் மெஷின் அணைந்திருக்கும்போது. இடப்பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் வளைந்துவிடும், அதற்குப் பிறகு டைமர் தேட ஆறு மாதம்.

7. பிரித்து மாட்டுவது

கென்மோர், வேர்ல்பூல் மெஷின்களில் மேல்தட்டுக்கு ஸ்க்ரூ தேடி அலையாதீர்கள். முன்பக்கம் மேல்தட்டுக்கும் பெட்டிக்கும் இடையே, ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, புட்டிக் கத்தியை நுழைத்து அழுத்தினால் கிளிப் விட்டுவிடும். கார் பானெட் மாதிரி தூக்கலாம். மேடேக் ஆட்டோமேட்டிக்கில் முன்பலகையின் கீழ்விளிம்பில் இரண்டு ஸ்க்ரூ, அதைக் கழற்றினால் பலகை கையோடு வரும்.

ஒவ்வொரு வயரையும் உருவுமுன் போட்டோ. நிறத்தை நம்ப வேண்டாம், அறுபது வருடத்தில் மஞ்சளும் வெள்ளையும் ஒரே பழுப்பு. நான் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி இரு பக்கமும் ஒட்டினேன்.

பெல்ட் மெஷினைத் திறந்ததும் கியர்பெட்டிக்கு மேலே இரண்டு காந்தச்சுருள்கள் ஒரு கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் அது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போல இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும், பெயரே விக்-வாக். ஒரு சுருள் இழுத்தால் துவைக்கும், மற்றது இழுத்தால் பிழியும். ஆடி ஆடி அதற்குப் போகும் வயர்கள் உள்ளுக்குள் முறிந்துவிடும், வெளியே துணியுறை அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. என் மெஷினில் மோட்டார் ஓடியது, தண்ணீர் வடிந்தது, ஆனால் துவைக்கவில்லை. டைமர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி 65 டாலருக்குப் பழைய டைமர் ஒன்று வாங்கி, மாட்டி, அதே கோளாறு. கடைசியில் நான்கு அங்குல வயர். வளைந்து கொடுக்கும் மெல்லிழை வயராகப் போட்டு, கொஞ்சம் தொய்வும் விட்டேன். துவைக்காமலோ பிழியாமலோ நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பெல்ட் விஷயத்தில் கார் கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்காதீர்கள். கார் பெல்ட் நன்றாகப் பிடிக்கும், பிரச்சினையே அதுதான். மேடேக் ஆட்டோமேட்டிக்கில் பிழியத் தொடங்கும்போது பெல்ட் சற்று வழுக்கி வழுக்கித்தான் தொட்டியின் வேகம் ஏற வேண்டும். அந்த மெஷினுக்கென்றே வரும் பெல்ட்தான்.

கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தேன் நிறமோ கறுப்போ, கவலையில்லை. மோர்க்குழம்பு நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

உடல்நலம் சம்பந்தமாக மூன்று எச்சரிக்கை. 1979க்கு முந்திய எண்ணெய் நிரப்பிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் டப்பா) பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். உப்பியோ ஒழுகியோ இருந்தால் கையுறையோடு எடுத்து, ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். ஒழுகாவிட்டாலும் தொடுமுன் அதன் மின்சாரத்தை இறக்க வேண்டும், ப்ளக்கை உருவிய பிறகும் அடிக்கும். இரண்டாவது, டிரையர் ஹீட்டரைச் சுற்றி சாம்பல் நிறத்தில் நார் நாராக வரும் பட்டையை உலர்வாகச் சுரண்டாதீர்கள், அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மூன்றாவது, வெளிப்பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாள் தேய்ப்பு வேண்டாம்.

8. டிரையர் என்றால் செலவு சுவருக்குள்

டிரையரின் உள்ளே பெரிய வித்தை இல்லை. ஒரு டிரம், ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், காற்றுப்போக்கு. பெல்ட், உருளை, ஓரத்து ஃபெல்ட் துணி மூன்றையும் மாற்றினால் பெரும்பாலும் ஓடும். மாடல் கிடைத்தால் வாஷரோடு ஜோடியாக வாங்குங்கள், தனியாக விட்ட ஜோடியைப் பிறகு தேடுவது பெரும்பாடு.

செலவை இழுப்பதெல்லாம் மின் இணைப்பு. எலக்ட்ரிக் டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்ப் தனி இணைப்பு வேண்டும். பழைய டிரையரில் மூன்று கம்பி. 1996இல் அமெரிக்க மின்விதிகள் மாறியதிலிருந்து புதிதாகப் போடும் இணைப்பில் நான்கு கம்பி. பழைய டிரையருக்கு நான்கு கம்பி வயர் மாட்டும்போது, உள்ளே நியூட்ரலையும் உடம்பையும் சேர்க்கும் பட்டையை எடுத்துவிட வேண்டும். பலர் வயரை மட்டும் மாற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். புதிய இணைப்பை நீங்களே இழுக்காதீர்கள். எனக்கு எலக்ட்ரீஷியன் 520, நகராட்சி அனுமதி 85 டாலர் ஆனது. அனுமதிச் சீட்டு வர ஒரு வாரம், ஆய்வாளர் வந்து பார்க்க இன்னும் இரண்டு வாரம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வீட்டை விற்கும்போதும் இன்சூரன்ஸ் பேச்சு வரும்போதும் கேட்பார்கள்.

கேஸ் டிரையர் என்றால் கேஸ் குழாயில் கை வைக்க உரிமம் உள்ளவரை மட்டும் கூப்பிடுங்கள். காற்று வெளியேறும் குழாய் நான்கு அங்குலத் தகரமாக இருக்கட்டும், பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை அன்றே குப்பையில் போடுங்கள், பஞ்சு பிடித்து எரியும்.

9. மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள்

கென்மோருக்கு என் கணக்கு: மெஷின் 75, டிரெய்லரும் தள்ளுவண்டியும் 45, பெல்ட், ஹோஸ், தண்ணீர் வால்வு 110, அந்தத் தேவையற்ற டைமர் 65, வயர் 18, எண்ணெய், கிரீஸ் வகையறா 30, சீல் 40. ஆக 383 டாலர். பெயின்ட் அடிக்கவில்லை. கார் பட்டறையில் கேட்ட விலையைச் சொன்னால் மெஷினே சிரிக்கும். சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்து நான்கு மாதம், அதில் பாதி நாள் பாகம் வரக் காத்திருந்தது. மேடேக் உருளை மெஷின் இரண்டு வார இறுதியில் ஓடிவிட்டது.

தண்ணீர்க் கட்டணத்தையும் யோசியுங்கள். அந்தக் கால ஆட்டோமேட்டிக் ஒரு துவைப்புக்கு நாற்பது காலன் போலக் குடிக்கும், அதாவது 150 லிட்டர்.

"ஊருக்கு அனுப்பி அப்பா வீட்டில் வைக்கலாமா" என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். ஊரில் வரும் 230 வோல்ட்டை 120 ஆக்க டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், ஆனால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றி அதிகம் சூடாகும். டைமரும் அதே கதை, பத்து நிமிடத் துவைப்பு பன்னிரண்டு நிமிடம் ஓடும்.

10. முதல் துவைப்பு

துணி இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. அடியில் செய்தித்தாள் விரித்தால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று ஈரமே காட்டிக்கொடுக்கும். இரண்டாவது சுற்றில் பழைய துண்டுகள். சோப்புத்தூள் குறைவாகப் போடுங்கள், நுரை பொங்கினால் பிழியும்போது தொட்டி வேகமெடுக்காது.

உருளை மெஷினில் பொத்தான் வைத்த சட்டையை மடித்து, பொத்தான் உள்பக்கம் இருக்கும்படி விடுங்கள். விரல், வளையல், துப்பட்டா, தாலிக்கொடி எதுவும் உருளை அருகே போகக் கூடாது, மேலே இருக்கும் அவசர விடுவிப்புக் கட்டையைத் தட்டிப் பழகிய பிறகே துணி விடுங்கள். ஆறு கஜப் புடவையைத் தொட்டியில் போடாதீர்கள், அஜிடேட்டரில் சுற்றிக்கொண்டு அவிழ்க்க அரை மணி ஆகும். பருத்தி வேட்டி மட்டும் தாராளமாக. நாலாக மடித்து உருளையில் விட்டால், மறுபக்கம் அப்பளம் மாதிரி தட்டையாக வந்து விழுகிறது, இஸ்திரிப் பெட்டியை எடுத்தே பல வாரமாகிறது.